இழுத்தும் எழாத இயந்திரம்

கடலும் கலமும் தமிழக முஸ்லிம்களுக்கு அந்நியமானவை அல்ல. மரக்காயர் என்னும் பெயரையே மரக்கலத்தோடு சேர்த்துப் பொருள் கொள்வோர் உளர். காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர், பரங்கிப்பேட்டை என்று நமது பழம்பெரும் ஊர்களை வரிசையாகச் சொன்னால் அதுவே கடற்கரையின் வரைபடமாகிவிடும். இவற்றுள் பரங்கிப்பேட்டை, போர்ச்சுகீசியர் வாயில் போர்ட்டோ நோவோ ஆனது. முஸ்லிம்கள் அதனை மஹ்மூது பந்தர் என்றழைத்தனர். பந்தர் என்றாலே துறைமுகம்தான். 1830களில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்னும் ஆங்கிலேயர் இரும்பாலை ஒன்றை நிறுவியதும் இவ்வூரில்தான்.

இத்தனை பழைமை பேசும் நமது இல்லங்களில் இன்று ஒரு சிறு படகு இயந்திரம் மக்கர் செய்துவிட்டால், அதன் மூடியைத் திறந்து பார்க்கும் துணிவு எத்தனை பேருக்கு இருக்கிறது? கடலோடு தொடர்புடைய குடும்பங்கள் நம்மில் இன்னும் பல. படகுச் சொந்தக்காரர் இருக்கிறார். மீன் வாங்கி விற்பவர் இருக்கிறார். வளைகுடாவில் உழைத்துச் சேர்த்த பணத்தில் உறவினருக்குப் படகு வாங்கிக் கொடுத்தவரும் இருக்கிறார். அவர்கள் வீட்டு அடுப்பு எரிவதும் அணைவதும் பல நேரங்களில் ஒரு பழைய மோட்டார் எழுவதையும் எழாததையும் பொறுத்ததாக இருக்கிறது. ஆகவே இக்கட்டுரை.

நான் கலைப்பட்டம் பெற்று மத்ரஸாவில் ஓதிக்கொடுப்பவன். இயந்திரக் கல்வி கற்றவன் அல்லன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் படகு மோட்டார்களைப் பழுதுபார்த்து வரும் சகோதரர் ஒருவரின் பட்டறையில் பல மாலைகள் அமர்ந்து, கேட்டும் பார்த்தும் அறிந்ததையே எழுதுகிறேன். தம் பெயரைப் போட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார்.

பிச்சாவரத்து நீரும் அதன் மோட்டார்களும்

பரங்கிப்பேட்டைக்குத் தெற்கே வெள்ளாற்றைக் கடந்தால் கிள்ளை. கிள்ளையை அடுத்துப் பிச்சாவரம். வடக்கே வெள்ளாறும் தெற்கே கொள்ளிடமும் கடலோடு கலக்கும் இடைவெளியில், உப்பங்கழிகளும் நூற்றுக்கணக்கான வாய்க்கால்களும் பின்னிக் கிடக்கும் அலையாத்திக் காடு அது. சுரபுன்னை மரங்கள் தம் வேர்களைக் கால்களாக ஊன்றி நீரின்மேல் நிற்கும் காட்சியைக் காணச் சிதம்பரத்திலிருந்து நாள்தோறும் மக்கள் வருகின்றனர். 2022ஆம் ஆண்டில், ஏறத்தாழ 1,478 ஹெக்டேர் பரப்புடன், ராம்சர் உடன்படிக்கையின்கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக இது அறிவிக்கப்பட்டது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது, காட்டின் மறைவில் இருந்த குடியிருப்புகள் பல தப்பின. கடலை நேரே நோக்கி நின்ற மணல்திட்டுக் குப்பங்கள் பேரிழப்புக்கு ஆளாயின.

இங்கே குறுகிய வாய்க்கால்களில் துடுப்புப் படகே செல்லும். மோட்டாருக்கு வேர்களும் சேறும் இடம் தாரா. அகன்ற கழியிலும் முகத்துவாரத்திலும் கடலிலும்தான் மோட்டாரின் ஆட்சி. அதிலும் இரண்டு இனங்கள் உள்ளன. ஒன்று, படகின் உள்ளே அமர்ந்துகொண்டு நீண்ட இரும்புத் தண்டின் நுனியில் சுழலியைச் சுழற்றும் டீசல் இயந்திரம். சோழமண்டலக் கரையின் ஃபைபர் படகுகளில் அதிகம் காணப்படுவது இதுவே; சேறு தட்டினால் தண்டைத் தூக்கிவிடலாம் என்பது இதன் வசதி. மற்றொன்று, படகின் பின்பலகையில் வெளிப்புறமாக மாட்டப்படும் அவுட்போர்டு மோட்டார். பெட்ரோலிலோ, பெட்ரோலில் தொடங்கி மண்ணெண்ணெய்க்கு மாறியோ ஓடும். யமஹா, சுஸுகி என்னும் ஜப்பானியப் பெயர்களும் ஜான்சன், எவின்ரூட் என்னும் அமெரிக்கப் பெயர்களும் கரையோரத்தில் பழகிப்போனவை. இக்கட்டுரை பெரிதும் இந்த இரண்டாம் இனத்தைப் பற்றியது.

எவின்ரூட் என்பது ஒரு மனிதரின் பெயர். நார்வே நாட்டில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஓலே எவின்ரூட் என்பவர், ஏரியில் துடுப்புப் போட்டுக் களைத்த ஒரு நாளில் இந்த எண்ணம் பிறந்தது என்று சொல்வார்கள். 1909இல் அவர் விற்பனைக்குக் கொண்டுவந்த மோட்டாரின் திறன் ஒன்றரைக் குதிரைத்திறன். எடை 62 பவுண்டு. அவருடைய மனைவி பெஸ்தான் கணக்கையும் கடிதப் போக்குவரத்தையும் விளம்பரத்தையும் கவனித்துத் தொழிலை நிலைநிறுத்தினார் என்பதை நமது சகோதரிகள் கவனிக்க வேண்டும். எவின்ரூட் பெயரிலான மோட்டார் உற்பத்தி 2020இல் நிறுத்தப்பட்டுவிட்டது. ஆயினும் பழையவை பழுதுபார்க்கப்பட்டு ஓடிக்கொண்டேயிருக்கின்றன. ஏழையின் கையில் இயந்திரத்துக்கு ஆயுள் அதிகம்.

எழாவிட்டால் என்ன ஆகும்?

நகரத்தில் மோட்டார் சைக்கிள் கிளம்பாவிட்டால் தள்ளிக்கொண்டு போகலாம். முகத்துவாரத்தில் அது நடவாது. இப்பகுதியில் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்குள் அடங்குவதுதான். ஆனால் பரந்த கழியில் ஏறிய நீர் முழுவதும் வற்றத்தின்போது குறுகிய வாய் வழியே கடலை நோக்கி ஓடுகிறது. அந்த ஓட்டம் வலியது. வாயின் குறுக்கே மணல்மேடு; அதன்மேல் அலை உடைகிறது. அவ்விடத்தில் இயந்திரம் நின்றுபோனால் படகு குறுக்கே திரும்பும். குறுக்கே திரும்பிய படகை அடுத்த அலை கவிழ்க்கும். மோட்டார் படகில் துடுப்பும் நங்கூரமும் எதற்கு என்று கேட்கும் இளைஞர்களுக்கு இதுவே விடை. மோட்டார் நின்றதும் முதல் வேலை கயிற்றை இழுப்பதன்று; நங்கூரத்தை இறக்குவது. படகு ஓரிடத்தில் நின்ற பிறகே பழுது பார்க்க வேண்டும். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் உம்மத்தினருக்கு இதனை விரித்துரைக்கத் தேவையில்லை.

மற்றொரு ஆபத்து வீட்டுக்குள் இருக்கிறது. பழைய மோட்டார் எழவில்லை என்றதும் ‘புதிது வாங்கிவிடலாம்’ என்ற பேச்சு எழுகிறது. புதிய அவுட்போர்டின் விலை ஒரு லட்சத்துக்கு மேல். கையில் இல்லாதவர் எங்கே போவார்? ஒன்று வட்டிக்கடை, அல்லது ‘பிடிக்கிற மீனையெல்லாம் எனக்கே தர வேண்டும்’ என்று முன்பணம் கொடுக்கும் வியாபாரி. முன்னது ஹராம் என்பதில் ஐயமில்லை. பின்னதில் மீனுக்கு விலை வைப்பவரே கடன் கொடுத்தவராகவும் இருப்பதால், படகுக்காரர் தம் உழைப்பின் விலையைத் தாமே கேட்கும் உரிமையை இழக்கிறார். பத்து ரூபாய்க் கம்பி அரித்துப்போனதற்காக ஒரு குடும்பம் பல ஆண்டுக் கடனில் விழுவதைப் பார்த்துக்கொண்டிருக்க இயலுமா?

இது கற்பனையன்று. என்னிடம் ஓதும் மாணவன் ஒருவனின் தகப்பனார், இருபது ஆண்டு கண்ட மோட்டார் ஒன்றை வைத்திருந்தார். எழவில்லை. ஓரிடத்தில் காட்டியபோது ‘உள்ளே எல்லாம் போய்விட்டது, இனி இதற்குச் செலவு செய்வது வீண்’ என்று சொல்லிவிட்டார்களாம். கடனுக்குப் பேச்சும் நடந்துவிட்டது. மேலே நான் குறிப்பிட்ட சகோதரர் அதனைப் பார்த்தபோது, மோட்டாரை நிறுத்தும் பொத்தானிலிருந்து வரும் கம்பி உப்பரித்து உலோகத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதாவது, ‘நில்’ என்ற கட்டளை இடைவிடாமல் போய்க்கொண்டேயிருந்தது. மோட்டாரும் பணிந்து நின்றது. கம்பியை மாற்றியதும் நான்காவது இழுப்பில் எழுந்தது. தொழில் தெரிந்தவர் பார்வையும் அமானத்தான். அதில் அலட்சியம் செய்பவர் பிறருடைய பணத்தில் அலட்சியம் செய்கிறார்.

மூன்றே மூன்று தேவைகள்

பெட்ரோல் இயந்திரம் எழுவதற்கு மூன்றே தேவைகள்: சரியான எரிபொருள், உரிய நேரத்தில் தீப்பொறி, உருளைக்குள் போதிய அழுத்தம். பட்டறை மொழியில் எண்ணெய், கரண்ட், கம்ப்ரஷன். மூன்றும் இருந்து ஒரு மோட்டார் எழாமல் இருப்பது அரிது. எது இல்லை என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. கண்டுபிடிக்கும் முன் கண்டதையெல்லாம் கழற்றுவது வினை.

கழற்றுவதற்கு முன் கண்ணால் பார்க்க வேண்டியவை சில. சிவப்புப் பாதுகாப்புக் கயிற்றின் கொக்கி தன் இடத்தில் இருக்கிறதா? ஓட்டுநர் தவறி நீரில் விழுந்தால் மோட்டார் நிற்பதற்காக அமைந்தது அது; அது இல்லாமல் கரண்ட் வராது. கியர் நடுநிலையில் இருக்கிறதா? பல மோட்டார்களில் கியர் விழுந்திருந்தால் கயிறே இழுபடாது. எண்ணெய்த் தொட்டி மூடியின் காற்றுத் திருகு திறந்திருக்கிறதா? கரையேற்றும்போது மூடுகிறோம், இறக்கும்போது மறந்துவிடுகிறோம். காற்று உள்ளே போகாமல் எண்ணெய் வெளியே வராது. அத்தகைய மோட்டார் எழுந்து சில நிமிடம் ஓடி, சரியாக வாய்க்காலைத் தாண்டியதும் நின்றுபோகும். குழாயின் நடுவே உள்ள ரப்பர்க் குமிழின் அம்புக்குறி மோட்டாரை நோக்கி இருக்க வேண்டும். அதனை அமுக்கிக்கொண்டே வந்தால் சற்று நேரத்தில் கெட்டிப்பட வேண்டும். எத்தனை அமுக்கியும் தொளதொளவென்றிருந்தால் குழாயில் எங்கோ காற்று நுழைகிறது, அல்லது தொட்டியில் எண்ணெய் இல்லை. (சிரிக்க வேண்டாம். இது மிகச் சாதாரணமாக நடப்பது.)

இவையெல்லாம் சரி என்றால் பிளக்கைக் கழற்ற வேண்டும். “ஹஜ்ரத், வைத்தியர் நாக்கை நீட்டச் சொல்வதில்லையா? மோட்டாருக்கு நாக்கு இதுதான்” என்றார் சகோதரர். ஏழெட்டு முறை கயிற்றை இழுத்தபின் கழற்றிய பிளக் உலர்ந்திருந்தால் எண்ணெய் வரவில்லை. கார்புரேட்டர் பக்கம் பார்வையைத் திருப்பலாம். நனைந்து பெட்ரோல் வாடை அடித்தால் எண்ணெய் வருகிறது, கரண்ட் இல்லை. அல்லது எண்ணெய் அளவுக்கு மேல் வந்து மூழ்கடித்துவிட்டது. பிளக்கின்மேல் நீர்த்துளி முத்து முத்தாக நின்றால் எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கிறது. கருத்த மசி கட்டியாகப் படிந்திருந்தால் எண்ணெய்க் கலவை மிகுதி. இந்த ஒரு பார்வையிலேயே வீண் வேலை பாதி குறைந்துவிடுகிறது.

கரண்ட் சோதனை எளிது. ஆனால் கவனமாகச் செய்ய வேண்டும். கழற்றிய பிளக்கை அதன் தொப்பியில் மாட்டி, பிளக்கின் உலோக உடல் இயந்திரத்தின் உலோகத்தை நன்கு தொடுமாறு வைத்து, நிழலான இடத்தில் கயிற்றை இழுக்க வேண்டும். நீலமாகச் சடசடவென்று பொறி தெறித்தால் நலம். மஞ்சளாக மெலிந்து வந்தால் வலுவில்லை. பிளக் துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வெளிவரும் என்பதால், துளையை விட்டுத் தள்ளியே பிளக்கை வைக்க வேண்டும். எண்ணெய்க் குழாயைக் கழற்றி ஒதுக்கிவிட வேண்டும். பீடி, சிகரெட் அருகே கூடாது. எங்குமே கூடாது என்பது வேறு விஷயம். பிளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு இழுப்பது வீரமன்று. அந்த அதிர்ச்சியில் கால் தவறி விழுந்தவர் உண்டு.

பொறி இல்லை என்றால் முதலில் புதிய பிளக் போட்டுப் பார்க்க வேண்டும். அதற்கும் வரவில்லை என்றால், மேலே சொன்ன நிறுத்தும் பொத்தானின் கம்பியை இணைப்பிலிருந்து பிரித்துச் சோதிக்க வேண்டும். பிரித்ததும் பொறி வந்தால் குற்றவாளி கிடைத்துவிட்டான். ஆனால் அப்படியே ஓட்டிக்கொண்டு போகலாகாது. நிறுத்த வழியில்லாத மோட்டார், ஓடாத மோட்டாரைவிட ஆபத்தானது. அடுத்து பிளக் தொப்பிக்குள் பச்சை பூத்திருக்கிறதா, தடித்த கம்பியில் வெடிப்பு உள்ளதா என்று பார்க்க வேண்டும். உப்பு, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். உப்பும் ஈரமும் சேர்ந்தால் மின்சாரம் போக வேண்டிய வழியை விட்டு ஒழுகிவிடும். கடற்கரை மோட்டார்களின் மின்நோய்களில் பெரும்பாலானவற்றுக்கு வேர் இதுவே.

மிகப் பழைய மோட்டார்களில் மேலே சுழலும் காந்தச் சக்கரத்தின் அடியில் ‘பாயிண்ட்’ என்னும் தொடுமுனைகள் இருக்கும். அவை ஒவ்வொரு சுற்றிலும் திறந்து மூடுவதால்தான் பொறி பிறக்கிறது. மாதக்கணக்கில் கிடந்த மோட்டாரில் அம்முனைகளின்மேல் கண்ணுக்குத் தெரியாத களிம்பு படிந்துவிடும். மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, பிறகு சுத்தமான அட்டையை இடையே இழுத்துத் துடைத்தால் போதும். செத்தது என்று ஒதுக்கிய மோட்டார் உயிர்பெறும். பழைய ஜான்சன், எவின்ரூட் வகைகளில் முனைகள் முழுவதும் திறந்திருக்கும்போது இடைவெளி ஏறத்தாழ 0.5 மில்லிமீட்டர். மற்றவற்றுக்கு அவ்வவற்றின் கையேட்டைப் பார்க்க வேண்டும். காந்தச் சக்கரத்தை இழுவைக் கருவி கொண்டே கழற்ற வேண்டும். சுத்தியலால் தட்டிக் கழற்றுகிறவரிடம் மோட்டாரைக் கொடுக்காதீர்கள். தண்டு வளையலாம், காந்தம் உதிரலாம்.

எண்ணெயில் ஒளிந்திருக்கும் நோய்

கரண்ட் நன்றாக வந்து பிளக் உலர்ந்திருந்தால் கார்புரேட்டரைக் கழற்றலாம். கிண்ணத்தின் அடியில் பழைய பெட்ரோல் காய்ந்து தேன்போல, பிறகு அரக்குபோல ஒட்டிக்கொண்டிருக்கும். எண்ணெய் வரும் நுண்துளைகள் அதனால் அடைபடும். கம்பியை விட்டுக் குத்தக் கூடாது. துளை பெரிதானால் அளவு கெட்டுவிடும். பெட்ரோலில் ஊறவைத்துக் காற்றடித்துச் சுத்தம் செய்ய வேண்டும். இவ்வேலையைத் திறந்த வெளியில், அடுப்புக்கும் விளக்குக்கும் எட்டாத தொலைவில் செய்ய வேண்டும் என்பதை வீட்டுப் பெண்மணிகள் கட்டளையாகவே பிறப்பிக்கலாம்.

எண்ணெயைப் பற்றி இரண்டு செய்திகளை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலாவது, மண்ணெண்ணெய் மோட்டார். மண்ணெண்ணெய் சூடான இயந்திரத்தில்தான் நன்றாக ஆவியாகும்; குளிர்ந்த இயந்திரத்தில் ஆவியாகாது. அதனால்தான் பெட்ரோலில் தொடங்கி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிறோம். இதனை எல்லாரும் அறிவர். பலரும் விட்டுவிடுவது மறுபாதியை. கரைக்கு வரும்போது, நிறுத்துவதற்குச் சில நிமிடங்களுக்கு முன்பே மீண்டும் பெட்ரோலுக்கு மாற்றிவிட வேண்டும். இல்லையெனில் கார்புரேட்டர்க் கிண்ணத்தில் மண்ணெண்ணெயே தங்கும். மறுநாள் சுப்ஹுத் தொழுதுவிட்டு வந்து, குளிர்ந்த மோட்டாரில் அந்த மண்ணெண்ணெயை வைத்துக்கொண்டு நாற்பது முறை இழுத்தாலும் எழாது. பிளக்கும் நனைந்துவிடும். “நேற்று நன்றாக ஓடியது, இன்று காலை எழவில்லை” என்று வருவோருள் கணிசமானவர்களின் நோய் இதுதான் என்கிறார் சகோதரர். மருந்து எளிது: கிண்ணத்தின் வடிதிருகைத் திறந்து மண்ணெண்ணெயை ஒரு டப்பாவில் வடித்துவிட்டு, புதுப் பெட்ரோல் ஏற்றி, பிளக்கைத் துடைத்துப் போட வேண்டும். டப்பாவில் வடித்ததைக் கழியில் கொட்டிவிடாதீர்கள். அதே நீரில்தான் இறால் குஞ்சு வளர்கிறது. அதே நீரில்தான் இருளர் சமுதாயத்து மக்கள் கையால் தடவி மீன் பிடித்துப் பிழைக்கிறார்கள்.

இரண்டாவது, இன்றைய பெட்ரோல். 2025ஆம் ஆண்டில் நமது நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 விழுக்காட்டை எட்டியது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. உறிஞ்சிய நீர் ஓர் அளவைத் தாண்டினால் நீரும் எத்தனாலும் சேர்ந்து தொட்டியின் அடியில் தனியே தங்கிவிடும். மோட்டார் முதலில் உறிஞ்சுவது அதனைத்தான். பழைய ரப்பர்க் குழாய்களும் சவ்வுகளும் எத்தனாலைத் தாங்குமாறு செய்யப்பட்டவை அல்ல; உப்பி, இளகி, துகள் துகளாக உதிர்ந்து கார்புரேட்டரை அடைக்கும். ஆகவே பழைய மோட்டார் வைத்திருப்போர் பெட்ரோலைச் சிறிது சிறிதாக வாங்கி, விரைவில் தீர்த்துவிடுவதே நலம். ஐயம் எழுந்தால் தொட்டியின் அடியிலிருந்து ஒரு கண்ணாடிப் புட்டியில் எடுத்து அசையாமல் வைத்துப் பார்க்கலாம். இரண்டு அடுக்காகப் பிரிந்தால் அதனை மோட்டாருக்கு ஊற்றக் கூடாது.

இருவீச்சு மோட்டாருக்கு எண்ணெயோடு மசகெண்ணெயும் கலக்க வேண்டும். ஐம்பதுக்கு ஒன்று என்றால் ஒரு லிட்டருக்கு 20 மில்லி. இருபத்தைந்துக்கு ஒன்று என்றால் 40 மில்லி. உங்கள் மோட்டாருக்கு எது என்பதைக் கையேடு சொல்லும். ‘கொஞ்சம் கூட ஊற்றினால் நல்லதுதானே’ என்று ஊற்றினால் பிளக் கரியேறும். மிச்சம் பிடிக்கலாம் என்று குறைத்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். அந்த மிச்சம் மோட்டாரையே விழுங்கிவிடும். மண்ணெண்ணெய்த் தொட்டியிலும் இக்கலவை வேண்டும் என்பதை மறக்கலாகாது.

பெட்ரோல் மிகுந்து மூழ்கிவிட்ட மோட்டாரை எழுப்பும் முறை வேறு. சோக்கை முழுவதும் திறந்துவிட்டு, விசையை முழு அளவுக்குத் திருப்பி, பல முறை இழுக்க வேண்டும். மிகுந்த எண்ணெய் வெளியேறும். அதற்கும் மசியவில்லை என்றால் பிளக்கைக் கழற்றித் துடைத்து, துளை திறந்திருக்க மெதுவாகச் சில முறை இழுத்து, பத்து நிமிடம் பொறுத்திருந்து மீண்டும் பூட்டலாம். இந்தப் பத்து நிமிடப் பொறுமைதான் நமது ஆட்களுக்கு வராது. தோள் மூட்டு நழுவும்வரை இழுப்பார்கள்.

அழுத்தம் குறைந்தால்

மூன்றாவது தேவையான கம்ப்ரஷனை அறியக் கையே போதும். பிளக் துளையைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு இழுக்கச் சொன்னால், உள்ளிருந்து வரும் காற்று விரலைத் தள்ளிவிட வேண்டும். கயிறு எவ்வித எதிர்ப்புமின்றித் தண்ணீரில் கிடக்கும் நூல்போல வந்தால் வளையம் தேய்ந்திருக்கலாம், மேல்மூடியின் கேஸ்கட் எரிந்திருக்கலாம். அளவுமானி இருந்தால் இரண்டு உருளைகளையும் ஒப்பிட வேண்டும். ஒன்றுக்கொன்று பெரிய வேறுபாடு இருந்தால் நோய் உள்ளே இருக்கிறது. இங்கேதான் வீட்டு வைத்தியம் முடிந்து மருத்துவமனை தொடங்குகிறது. இந்நிலையில் மட்டுமே, பழுதுக்குச் செலவிடுவதா மாற்றுவதா என்ற ஆலோசனைக்கு இடமுண்டு.

உருளையும் பிஸ்டனும் என்றதும் ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. 1206ஆம் ஆண்டில் அல்ஜஸரி என்னும் முஸ்லிம் பொறியாளர் எழுதி முடித்த இயந்திர நூலில், எதிரெதிராக இயங்கும் இரண்டு பிஸ்டன்களைக் கொண்ட நீரிறைக்கும் பொறியின் விளக்கம் படத்துடன் உள்ளது. இதனைச் சொல்லி மேடைகளில் நாம் பெருமைப்படுகிறோம், படலாம். ஆனால் அல்ஜஸரி தம் கையாலேயே செய்து பார்த்தவர். பிளக் ஸ்பானரைப் பிடிக்கத் தெரியாத பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு அவர் பெயரைச் சொல்வதில் எனக்கு நாட்டமில்லை.

டீசல் தண்டு மோட்டார் வைத்திருப்போருக்கு ஒரு வார்த்தை. அதில் பிளக் இல்லை. அழுத்தத்தின் சூட்டிலேயே எண்ணெய் பற்றிக்கொள்ளும். எண்ணெய் தீர்ந்து மறுபடி ஊற்றியபின் எழவில்லை என்றால், குழாயில் காற்று நின்றுகொண்டிருக்கிறது. பம்பின் மேலுள்ள திருகைத் தளர்த்தி, குமிழி இல்லாத டீசல் வரும்வரை விட்டு, மீண்டும் இறுக்கினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

நீரில் மூழ்கிய மோட்டார்

ஆழிப்பேரலையில் உப்புநீரிலும் சேற்றிலும் புதைந்து மீட்கப்பட்ட இயந்திரங்கள் இக்கரையில் ஏராளம். அவை பாழானதற்கு நீரில் மூழ்கியது மட்டுமே காரணமன்று. எடுத்தபின் காற்றில் கிடந்ததும் காரணம். உப்பேறிய இரும்பு காற்றுப்பட்ட சில மணி நேரத்திலேயே துருவேறத் தொடங்கிவிடும். எனவே படகு கவிழ்ந்து மோட்டார் மூழ்கிவிட்டால், எடுத்தவுடன் நன்னீரால் உள்ளும் புறமும் கழுவி, பிளக்கைக் கழற்றி, துளையைக் கீழ்நோக்கித் திருப்பி, மெதுவாக இழுத்து நீரை வெளியேற்றி, மசகெண்ணெய் விட்டு, அன்றே ஓட்டிச் சூடேற்ற வேண்டும். உடனே வேலை செய்ய ஆளில்லை என்றால், கேட்பதற்கு வியப்பாக இருக்கும், ஆள் வரும்வரை மோட்டாரை நன்னீர்த் தொட்டிக்குள்ளேயே மூழ்கவைத்திருப்பது மேல். காற்று படாது, துரு ஏறாது. ஓடிக்கொண்டிருக்கும்போது மூழ்கிய மோட்டாராயின் பலங்கொண்டு இழுக்கக் கூடாது. உருளைக்குள் சிக்கிய நீர் அமுங்காது, இணைப்புத்தண்டு வளைந்துவிடும்.

வீட்டிலும் ஜமாஅத்திலும்

படகில் எப்போதும் இருக்க வேண்டியவை: மாற்றுப் பிளக் இரண்டு, பிளக் ஸ்பானர், மாற்றுக் கயிறு, திருப்புளி, சுழலிக்கான வெட்டாணி, உலர்ந்த துணி, டார்ச் விளக்கு, துடுப்பு, நங்கூரம், ஆளுக்கொரு மிதவைச் சட்டை, நீர் புகாத உறையில் கைப்பேசி. கடலில் ஆபத்து என்றால் 1554 என்ற எண்ணில் இந்தியக் கடலோரக் காவல்படையை அழைக்கலாம். வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் அந்த எண் மனப்பாடமாக இருக்கட்டும்; திரும்பும் நேரம் தாண்டிவிட்டால் கரையிலிருந்து அழைக்க வேண்டியவர்கள் அவர்களே.

காந்தச் சக்கர இழுவைக் கருவி, அழுத்தமானி, இடைவெளித் தகடு ஆகியவற்றைத் தனித்தனியே ஒவ்வொரு படகுக்காரரும் வாங்குவது வீண். ஊர் பைத்துல்மாலில் ஒரு தொகுதி வாங்கி வைத்து, கையெழுத்துப் பெற்று இரவல் கொடுத்தால் என்ன? பழுதுக்கான சிறு தொகையை வட்டியில்லாக் கடனாகக் கொடுப்பது, பிறகு பெரிய கடனில் விழுந்தவரை மீட்பதைவிட எளிது. இக்கருவிகளை நமது ஊர்ப் படகுக்காரர்களுக்கு மட்டும் என்று பூட்டி வைக்கவும் வேண்டாம். அன்னங்கோயிலிலும் முடசல்ஓடையிலும் கடலுக்குப் போகும் அண்டைச் சகோதரர்கள் நமது படகு தத்தளித்தால் சமயம் கேட்டா கயிறு வீசுகிறார்கள்?

ஒவ்வொரு நாளும் கரைக்கு வந்ததும் மோட்டாரை நன்னீரில் ஐந்து நிமிடம் ஓட்டி உப்பைக் கழுவ வேண்டும். பக்கத்துத் துளை வழியே நீர் பீச்சியடிக்கிறதா என்று அப்போதே பார்த்துக்கொள்ளலாம். அடிக்கவில்லை என்றால் பிளாஸ்டிக் பையோ சேறோ உறிஞ்சும் வாயை அடைத்திருக்கும், அல்லது ரப்பர்ச் சக்கரம் தேய்ந்திருக்கும். நீரில்லாமல் ஓட்டினால் அந்த ரப்பர்ச் சக்கரம் மிக விரைவில் கருகிவிடும். அடிப்பகுதியில் பொருத்தியிருக்கும் துத்தநாகக் கட்டி, அலுமினிய உடலுக்குப் பதிலாகத் தான் அரிபடுவதற்கென்றே வைக்கப்பட்டது. அழகுக்காக அதன்மேல் வண்ணம் பூசிவிடுகிறார்கள். பூசினால் அது வேலை செய்யாது, உடல் அரிபடும்.

வடகிழக்குப் பருவமழையில் மோட்டாரைக் கழற்றி வீட்டில் வைக்கும் காலம் வரும். கார்புரேட்டரில் ஒரு சொட்டுப் பெட்ரோல்கூட மிச்சமில்லாமல் வடித்துவிட்டு, பிளக் துளை வழியே ஒரு தேக்கரண்டி மசகெண்ணெய் விட்டு, கயிற்றை மெதுவாக இரண்டு முறை இழுத்துப் பரப்ப வேண்டும். படுக்கவைக்காமல் மரச்சட்டத்தில் நிமிர்த்தி மாட்டுவது நல்லது. பிளாஸ்டிக் தாளால் இறுகப் போர்த்தினால் உள்ளே வியர்த்துத் துருப்பிடிக்கும். பழைய பருத்திப் போர்வை போதும். மழைக்காலம் முடியும்வரை வாரம் ஒருமுறை வீட்டிலுள்ள சிறுவர் யாரேனும் கயிற்றை மெல்ல ஒரு சுற்று இழுத்து விட்டால், வளையங்கள் ஒட்டிக்கொள்ளாமல் தை மாதத்துக் காலையில் மோட்டார் எழும், இன்ஷா அல்லாஹ்.